இருநூற்றைம்பது வாட்

அத்தியாயம் பதினொன்று

கணவன் வீட்டிலிருந்து வருகிற பெண் கையில் என்ன கொண்டுவருகிறாள் என்பதை வைத்தே, அவள் திரும்பிப் போவாளா மாட்டாளா என்று சொல்லிவிடலாம். இது அம்மாவின் கணக்கு. பெட்டி நிறையத் துணியோடு வந்தால் போகமாட்டாள். கைப்பையோடு வந்தால் நாலு நாளில் கோபம் ஆறிவிடும்.

சின்னவள் துணியும் கொண்டுவரவில்லை, கைப்பையும் கொண்டுவரவில்லை. குளிக்கிற துண்டில் சுற்றி ஒரு கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் தீட்டுகிற அட்டை அது. ஒரு பெரிய புத்தகத்தின் கனம். தன் கம்ப்யூட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அம்மாவின் கணக்கு அங்கேயே உதைத்தது.

அது செவ்வாய்க்கிழமை. இன்று சனி.

இடையில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்த வீட்டில் மரியாதை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நல்லா இருக்கியா?" பதிலுக்கு "ம்" என்றால் அதோடு விட்டுவிடுவார். அம்மா சின்னக் குழந்தைகள் பள்ளியில் டீச்சர். முப்பது குழந்தைகளை அதட்டும் குரலைப் பள்ளி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். பெரியவள், இன்னும் கட்டாத கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் ஆள் நடந்து போவதுபோல் படம் செய்து கொடுப்பவள். கல்யாணப் பேச்சை எடுத்தால் "ரெண்டர் ஓடுது" என்பாள். படம் ஒவ்வொன்றாகத் தயாராவதற்குப் பெயர் ரெண்டர். அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காலையில் சின்னவள் பல் தேய்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"சாயங்காலம் ஆறரை பஸ்ல போயிடறேன்."

"எங்க?" என்றாள் பெரியவள்.

"எங்கேன்னா? வீட்டுக்கு."

"அப்ப இது என்ன, காடா?"

"இங்க உட்கார்ந்து என்ன பண்றது அக்கா? உன் கட்டில்ல பாதியைப் பிடிச்சுக்கிட்டு."

"பாதி இல்லை, முக்கால். கால நீட்டித் தூங்கற."

சின்னவள் சிரிக்கவில்லை. பெரியவள் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை.

"கேளு. பத்து மாடிக் கட்டடம், ஒரு நிமிஷ வீடியோ. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடுக்கணும். இன்னும் அறுநூத்தி நாப்பது படம் பாக்கி. என் ஒரு கார்டுல ராத்திரி எட்டு மணி தாண்டிடும். ரெண்டு கார்டு இருந்தா பாதி நேரம்."

"என் கார்டை எடுத்துக்கோ. அதுக்கென்ன."

"எடுத்துக்கறதுக்கு இல்லை. இது நேரத்துக்குப் போச்சுன்னா அடுத்த மூணு கட்டடத்தையும் எனக்கே தர்றாங்க. ஒருத்தியால முடியாது. வேலை ரெண்டு பேருக்கு இருக்கு. விருந்தாளிக்குத்தான் இந்த வீட்ல இடமில்லை."

சின்னவள் துண்டைப் பிரித்துக் கார்டை வெளியே எடுத்தாள். "ஓடலைன்னா?"

"ஓடலைன்னா துண்டுல சுத்திக்கிட்டு ஆறரை பஸ்ஸைப் பிடி. நானே வந்து ஏத்தி விடறேன்."

சமையலறையில் அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த பாத்திரம்.

அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. வியாழக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். "சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன் அத்தை," என்றார். குரலில் கோபம் இல்லை. அம்மா "வாங்க" என்றுவிட்டாள். இருபது வருஷமாகப் பள்ளி வாசலில் யார் வந்தாலும் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் பெண்ணைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. தோன்றிய பிறகும் சொல்லவில்லை.

*

கார்டைப் பொருத்துவதற்கு முன்னால் அப்பா கணக்குப் போட்டார். மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் அவர் கணக்குப் போடாமல் இந்த வீட்டில் மாட்டமுடியாது. சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"மெஷினுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை எவ்வளவு?"

"எண்ணூத்தம்பது வாட்."

"உன் கார்டு?"

"முந்நூத்தி இருபது. வந்த அட்டைப்பெட்டிலயே போட்டிருக்கு," என்றாள் பெரியவள்.

"சின்னவளே, உன்னுது?"

"இருநூத்தம்பது."

"எங்க போட்டிருக்கு?"

"பெட்டி அங்கேயே இருக்குப்பா. ஆனா தினமும் பாத்திருக்கேன். ஸ்கிரீன் ஓரத்துல நம்பர் ஓடும். ரெண்டு வருஷமா இருநூத்தம்பதுக்கு மேல போனதே இல்லை."

அப்பாவின் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு 250 என்று எழுதினார்.

பிராசஸர், போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு. மொத்தம் எழுநூற்று அறுபது. தொண்ணூறு மிச்சம்.

"லிஃப்ட்டா இருந்தா இது பத்தாது," என்றார். "மோட்டார் கிளம்பற நேரத்துல மூணு மடங்கு இழுக்கும். அதுக்கு இடம் விடணும்."

"இதுல மோட்டார் இல்லைப்பா. மாட்டுங்க, மணி ஆகுது," என்றாள் பெரியவள்.

"சரி. உன் மெஷின், உன் இஷ்டம்."

ஒன்பதரைக்கு இரண்டு கார்டும் ஓட ஆரம்பித்தன. ஒரு நிமிஷத்துக்கு ஒரு படம் வந்த இடத்தில் இரண்டு வந்தன. பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில், இல்லாத ஒருவன் கண் வழியாக, மூன்றாவது மாடி தெரிந்தது. சின்னவள் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கார்டின் ஃபேன் சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. அங்கே கேட்டதைவிடப் பலமாக இருந்தது. பெரிய அறை, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது படத்தில் மெஷின் நின்றது.

கம்ப்யூட்டர் வழக்கமாக அணைவதுபோல இல்லை. சுவிட்சைத் தட்டியதுபோல, உள்ளே டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபேன்கள் ஓய்ந்தன. அதுவரை கேட்காத தெருச் சத்தம் அறைக்குள் வந்தது.

மறுபடி போட்டார்கள். பதினோராவது படத்தில் நின்றது. கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ஏழாவதில் நின்றது. மணி பதினொன்றைத் தாண்டியது. அறுநூறு பாக்கி.

"உன் கார்டுல ஏதோ இருக்கு," என்றாள் பெரியவள்.

"எங்கிட்டதான் ஏதோ இருக்கு. அப்படியே சொல்லிடு."

"நான் கார்டைச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்." சின்னவள் குனிந்து திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள். "அங்கயும் இப்படித்தான். ஒரு செருப்புக் கம்பெனி. நாப்பது படம். அஞ்சு மணி நேரத்துல முடியணும், கணக்குப் போட்டுத்தான் ஒத்துக்கிட்டேன். அரைமணி தாண்டிடுச்சு. அப்புறம் அவங்க கூப்பிடவே இல்லை. அடுத்து ஒரு பாட்டில் கம்பெனி. அங்கயும் அதே அரைமணி. நான் தொட்டா எதுவும் நேரத்துக்கு முடியாது."

"இதை யார் சொன்னது?"

"அவர்தான் சொல்வார். கோபமா இல்லை, நிதானமாத்தான் சொல்வார். 'உனக்கு இந்த வேலை ஒத்துவரலை, விட்டுடு'ன்னு. சரியாத்தானே சொல்றார்?"

பெரியவளுக்கு யாரையாவது திட்டவேண்டும்போல இருந்தது. கையெட்டும் தூரத்தில் தகுதியான ஆள் இல்லை.

"அதைக் கழட்டாதே, இரு," என்றார் அப்பா, வாசற்படியிலிருந்து. அவர் கையில் கிளாம்ப் மீட்டர் இருந்தது. நண்டின் கொடுக்குபோல வாய் திறந்து, வயரைக் கவ்வி, அதில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று சொல்லும். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் வயரும். வேலைக்காக அவரே செய்தது. மேல் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வயர்களைத் தனித்தனியாகப் பிரித்திருந்தார். அப்போதுதான் ஒரு வயரை மட்டும் கவ்வ முடியும்.

"முதல்ல பெரியவ கார்டை மட்டும் ஓட்டுங்க."

ஓட்டினார்கள். இரண்டு புள்ளி மூன்று ஆம்பியர்.

"இப்ப சின்னவளுதை மட்டும். இருநூத்தம்பதுன்னா, ரெண்டுக்குள்ள காட்டணும்."

இரண்டு புள்ளி ஐந்து காட்டியது.

அப்பா மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அதன் வாயைத் திறந்து மறுபடி கவ்வவிட்டார். இரண்டு புள்ளி ஐந்து.

"அக்கா கார்டை விட உன்னுதுதான் அதிகமா இழுக்குது. முந்நூத்தம்பது வரும்."

"இருக்காதுப்பா. நான் தினமும் கண்ணால—" சின்னவள் நிறுத்தினாள். கையில் திருப்புளி அப்படியே இருந்தது. "ஐயோ, லிமிட்."

"என்ன லிமிட்?"

"நான் குறைச்சு வச்சிருந்தேன். கார்டு இவ்வளவுக்கு மேல இழுக்கக்கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு அளவு வைக்கலாம். அவர் பால் வண்டியோட விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பணும். எட்டு மணிக்கே படுத்துடுவார். ஒரே ரூம். ஃபேன் சத்தத்துல தூக்கம் வரலைன்னார். குறைச்சா சத்தமும் குறையும்னு நானே வச்சேன். கல்யாணமான புதுசுல. அப்புறம் அதை மறந்தே போயிட்டேன். அதுக்கு வேண்டியதே அவ்வளவுதான்னு நினைச்சுட்டேன்."

அந்த அளவு இருந்தது அவள் விட்டுவந்த கம்ப்யூட்டரில். கார்டு மட்டும்தான் பஸ் ஏறி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்று காலைதான் அது தனக்கு வேண்டியதை முழுசாகக் கேட்டது. கொடுக்க இந்த வீட்டில் வசதி இல்லை, அதனால் மெஷின் அணைந்தது. கார்டில் ஒரு கோளாறும் இல்லை.

"அப்ப இருநூத்தம்பதுன்னு நீ வச்சதா?" என்றாள் பெரியவள்.

"இல்லையே." சின்னவளுக்குப் புருவம் சுருங்கியது. "நான் முந்நூறுதான் வச்சேன். முழு நம்பரா இருக்கட்டும்னு வச்சது நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்புறம் எப்படி இருநூத்தம்பது ஓடிச்சு?"

"தெரியலை. நான்தான் மாத்தி வச்சு மறந்திருப்பேன்."

"வேற யாராவது—"

"அங்க வேற யாரு? அவருக்குக் கம்ப்யூட்டர்னா ஆன் பண்ணத்தான் தெரியும். அதையும் என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் பண்ணுவார்."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். அந்தக் கேள்வியை அப்படியே வைத்துவிட்டாள்.

"அதே மாதிரி இங்கயும் குறைச்சு வச்சுடுக்கா," என்றாள் சின்னவள். "இருநூத்தம்பது போதும் அதுக்கு. பழகினதுதான்."

போதும் என்ற வார்த்தைக்கு அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீட்டரைப் பைக்குள் வைத்தார்.

பெரியவள் விரல்விட்டு எண்ணினாள். கடைக்குப் போய்ப் பெரிய பவர் சப்ளை வாங்கி வந்து மாட்ட இரண்டு மணி நேரம். அதற்கப்புறம் முழு வேகத்தில் ஓட்டினாலும் ஏழு மணி ஆகும். இப்போதே குறைத்து வைத்து ஓட்டினால், வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் போகும். அஞ்சே முக்காலுக்குள் முடியும்.

"ரெண்டும் இருநூத்தம்பது," என்றாள். "உன்னுதும், என்னுதும்."

"உன்னுதை எதுக்குக் குறைக்கற? என்னுதை மட்டும் குறை."

"கிளம்பற நேரத்துக்கு இடம் விடணும்னு அப்பா காலைலயே சொன்னார். நான்தான் கேக்கலை. இடம் விடறதுன்னா ரெண்டு பேரும்தான் விடணும். இன்னைக்கு ஒரு நாளைக்கு. நாளைலேருந்து இந்தப் பொழப்பு வேண்டாம். நீயும் அப்பாவும் போய் வேற பவர் சப்ளை வாங்கிட்டு வாங்க."

"சாயங்காலம் போறவ நான். என்னை எதுக்கு அனுப்பற?"

"ஒரு கார்டுக்கு இப்ப இருக்கறதே தாராளம். ரெண்டு கார்டுன்னாத்தான் பெருசு வேணும். எது வேணும்னு உனக்குத்தான் தெரியும். கடைல நின்னு யோசி. வெறுங்கையோட வந்தாலும் நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"அஞ்சரைக்குள்ள வந்துடுங்க," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள்.

"ஏன், அஞ்சரைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. வெயில்."

வெளியே வானம் மூடியிருந்தது.

*

கடை மாடியில் இருந்தது. படி ஏறினால் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சாலிடர் வாசனை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு போர்டுக்குள் தலையை விட்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"எத்தனை கார்டு?"

"ரெண்டு," என்றார் அப்பா.

"ஒரே கம்பெனியா?"

"வேற வேற."

"ஒரே பெட்டிக்குள்ளயா? பொருத்தம் பாத்தீங்களா?"

அப்பா சிரிக்கவில்லை. சின்னவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் தடவை.

அவள் கணக்கைச் சொன்னாள். இந்தத் தடவை முந்நூற்றைம்பது என்றே சொன்னாள். முந்நூற்று இருபது. நூற்றுத் தொண்ணூறு. எண்ணூற்று அறுபது.

"அது நின்னு நிதானமா இழுக்கறது," என்றார் கடைக்காரர். "நடுவுல கண்ணிமைக்கற நேரத்துக்குள்ள ரெட்டிப்பா ஒரு இழுப்பு இழுக்கும். ரெண்டு கார்டும் ஒண்ணா அப்படி இழுத்தா, சப்ளை தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். கெட்டுப்போகலை. சந்தோஷப்படுங்க."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "மோட்டார் கிளம்பற மாதிரி," என்றார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேஜையில் வைத்தார். ஒன்று ஆயிரம் வாட். மற்றது ஆயிரத்து முந்நூறு.

சின்னவள் சின்னப் பெட்டியை இழுத்தாள். "ஆயிரம் போதும்ல?"

"போதும். ரெண்டையும் குறைச்சு வச்சு ஓட்டுவீங்கன்னா போதும்."

"குறைக்கலைன்னா?"

"அப்ப பெருசு. இன்னொண்ணும் சொல்றேன். பவர் சப்ளை பாதி, முக்கால் பாரத்துல ஓடினாத்தான் சத்தமில்லாம ஓடும். கழுத்து வரைக்கும் ஏத்தினா ஃபேன் கத்தும். சின்னதா வாங்கிட்டுச் சத்தம் வருதுன்னு இங்க வந்து சண்டை போடுவாங்க. நான் என்ன பண்ண?"

அவர் திரும்ப போர்டுக்குள் தலையை விட்டார். இரண்டு பெட்டிக்கும் முன்னால் அவர்கள் நின்றார்கள்.

"காலைல ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றார் அப்பா.

"என்னப்பா?"

"நீ சொன்ன நம்பரை அப்படியே எழுதினேன். வேலைல அப்படி எழுதமாட்டேன். லிஃப்ட்டுல பன்னெண்டு பேர்தான் ஏறுவாங்கன்னு வாட்ச்மேன் சொல்வான், செக்ரட்டரி சொல்வான். எடை வச்சு ஏத்திப் பாக்காம நான் கையெழுத்து போட்டதில்லை." பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். "உன் விஷயத்துல மட்டும் வாயால சொன்னதை வாங்கிக்கிட்டேன். ரெண்டு வருஷமா. போன்ல நல்லா இருக்கியான்னா, ம்னு சொல்லுவ. நானும் வச்சுடுவேன்."

சின்னவள் பெட்டியின் நம்பரைப் படித்தாள். பேச ஆரம்பித்தால் கடையில் நின்று அழவேண்டி வரும். கடைக்காரர் அதையும் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்.

அவள் ஆயிரம் வாட் பெட்டியை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"பெருசைக் குடுங்கண்ணே."

கடைக்காரர் இப்போதுதான் எழுந்தார். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "இதோட வந்த வயரை மட்டும் மாட்டுங்க. பழைய வயர் ஒண்ணு கூடக் கூடாது. மாட்டிப் பாத்தா மாட்டும், அதான் ஆபத்து. வாய் ஒரே மாதிரி இருக்கும், உள்ள இழை மாறியிருக்கும். டிஸ்க்கு எரிஞ்சிடும், வேலை அத்தனையும் போயிடும். பழசைப் பிடுங்கினா மொத்தமாப் பிடுங்கிடணும். கார்டுக்குத் தனித்தனி வயர். ஒரே வயர்ல ரெண்டு பேருக்கும் குடுக்காதீங்க."

பஸ்ஸில் பெட்டி அவள் மடியில் இருந்தது. நல்ல கனம். போனை எடுத்துப் பார்த்தாள்.

"புதன்கிழமை வரைக்கும் நாள்ல பத்து தடவை கூப்பிட்டார். வியாழன்லேருந்து போனே இல்லை."

"கூப்பிடணும்னு நினைக்கறியா?"

அவள் யோசித்தாள். இந்தக் கேள்விக்கு "ம்" என்று பதில் சொல்ல முடியாது. "தெரியலைப்பா," என்றாள். "கெட்டவர் இல்லை. அடிச்சதில்லை, திட்டினதில்லை. என்ன நடந்துதுன்னு யாராவது கேட்டா, சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை. அதான் சொல்லாம இருந்தேன்."

அப்பா தலையசைத்தார்.

*

ஐந்து முப்பத்தெட்டுக்குக் கடைசிப் படம் வந்தது. பத்தாவது மாடி, திறந்த மொட்டைமாடி, காலியான வானம். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பெரியவள் வீடியோவை அனுப்பினாள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. சத்தமாகப் படித்தாள்.

"'கிடைத்தது. திங்கள் காலை வாருங்கள். நீங்கள் ஒருவரா, குழுவா?'" தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "என்னன்னு போட?"

சின்னவள் மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள்.

"ரெண்டு பேர்னு போட்டுட்டேன்," என்றாள் பெரியவள்.

அப்பா டார்ச் பிடித்தார். இரண்டு கார்டையும் எடுத்து மேஜையில், அதே குளிக்கிற துண்டின் மேல் வைத்தார்கள். பழைய வயர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு கார்டும் பக்கத்தில் பக்கத்தில் தூசியோடு கிடந்தன. எது யாருடையது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அழைப்பு மணி அடித்தது.

இரண்டாவது தடவை அடிப்பதற்குள் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டார்.

"நான்தான் வாங்கன்னு சொன்னேன்," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "வியாழக்கிழமை. உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கலை. தப்புதான்."

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் தன் திருப்புளியை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்தாள்.

மாப்பிள்ளை அறை வாசலுக்கு வந்தார். துண்டின் மேல் கார்டைப் பார்த்ததும் அவர் முகம் இளகியது.

"கழட்டி ரெடியா வச்சிருக்கீங்களே. எப்படிக் கேக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

"போடறதுக்குத்தான் கழட்டினோம்," என்றாள் சின்னவள். "உட்காருங்க. அரைமணி ஆகும்."

அவர் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் கார்டுக்காக வரலை," என்றார் மெதுவாக. அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்பதற்கு உண்மைபோலத்தான் இருந்தது.

பேச ஏதாவது வேண்டுமே என்று அவர் சுற்றிலும் பார்த்தார். காலடியில் புதுப் பவர் சப்ளையின் அட்டைப்பெட்டி இருந்தது. திருப்பி நம்பரைப் படித்தார்.

"ஆயிரத்து முந்நூறா?" சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டு மனிதன் சிரிக்கிற சிரிப்புதான். "எதுக்கு இவ்வளவு பெருசு? அந்தக் கார்டை இருநூத்தம்பதுல வச்சாலே போதுமே."

அப்பாவின் கையில் டார்ச் வெளிச்சம் அசையவில்லை. பெரியவள் அப்பாவைப் பார்த்தாள்.

சின்னவள் திருகாணியைப் பாதியில் விட்டாள். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போனால், ஐந்து மணி நேர வேலையில் அரைமணி. செருப்புக் கம்பெனியில் அரைமணி. பாட்டில் கம்பெனியில் அரைமணி. எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இருநூத்தம்பதா?" என்றாள், திரும்பாமலே. "நான் வச்சது முந்நூறு. உங்களுக்கு ஆன் பண்ணத்தானே தெரியும்?"

தண்ணீர் டம்ளரை வாய் வரை கொண்டுபோன மாப்பிள்ளை, குடிக்காமல், அதை அப்படியே கீழே வைத்தார்.